நைனாவின் வெள்ளைச் சட்டையும் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியும்

போன வாரம் என் மகள் ஜெனி தன்னுடைய அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அடித்தட்டில் கறுப்பாக ஏதோ உருகி, ஆறி, தோசைக்கல்லில் கருகிய மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. லெக்கிங்ஸாம். அந்தத் துணியைக் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தால் வேறென்ன ஆகும்?

"வுடும்மா, போன்ல வேற ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வந்துடும்" என்றாள்.

வாங்கி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத சாமான். அதைத் தூக்கிப் போடுவதா? இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் ஒரு மாதிரிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருஷனுக்குக் காய்ச்சல் என்றால்கூட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவதே 'பொட்டி டாக்டரம்மா' என்றுதான்.

அன்றைக்கும் டாக்டரம்மா உட்கார்ந்தாள். இந்தப் புதுப் பெட்டிகளுக்கு உப்பு ஆகாது, மேல்பூச்சு கீறிக்கொண்டு போய்விடும். கத்தியால் சுரண்டுவது அதைவிடப் பாவம். லேசாகச் சூடு காட்டி, ஒட்டியது இளகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரக்கரண்டியின் விளிம்பால் தள்ளித் தள்ளி எடுத்தேன். மிச்சத்துக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி ஈரத் துணியால் துடைத்தேன். ஆவி வருகிற துளைகள் வேறு வெள்ளை வெள்ளையாக அடைத்திருந்தன. அதற்கு லெக்கிங்ஸ் மேல் பழி போட முடியாது, அது எங்கள் ஊர்த் தண்ணீர். ஆம்பூர் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, இஸ்திரிப் பெட்டி மட்டும் பிழைக்குமா? கேன் தண்ணீர் ஊற்று, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடு என்று இவளிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருக்கிறேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்து ஒவ்வொரு துளையாய்க் குடைந்து முடிக்கையில் என் கழுத்து பிடித்துக்கொண்டது.

"கண்ணாடி மாதிரி ஆக்கிட்டியேம்மா" என்று ஜெனி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். புதுப் பெட்டியின் ஆர்டரை மட்டும் ரத்து செய்யவில்லை.

கை அந்த வேலையில் இறங்கிவிட்டது, நிறுத்த மனசு வரவில்லை. பீரோ மேலிருந்து பழைய பெட்டியையும் இறக்கினேன். அது எங்கள் அம்மாவுடையது. தூக்கினால் மணிக்கட்டு சொல்லும், அவ்வளவு கனம். வயரை இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது, கைப்பிடியில் ஒரு திருகாணி வேறு எதிலிருந்தோ எடுத்துப் போட்டது. மற்றபடி அம்மா வாங்கிவந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. இதற்குப் பூச்சு கீச்சு ஒன்றும் கிடையாது, வெறும் இரும்பு முகம். இதற்கு உப்புதான் மருந்து. செய்தித்தாளில் தூள் உப்பைத் தூவி, சூடான பெட்டியை அதன் மேல் ஓட்டினேன். உப்பு படபடவென்று பொரிந்தது. சூட்டில் காகிதமும் மையும் உப்பும் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது மூக்கில் ஏறியதும் நான் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

பழைய வீட்டில் இந்தப் பெட்டி வந்ததற்கே ஒரு வாசனைதான் காரணம். எங்கள் நைனா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரை உதிர்க்கிற இடம். சாயங்காலம் வந்ததும் கிணற்றடியில் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பார். பிழிந்த எலுமிச்சை மூடியைக் கையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொள்வார். குளித்துவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. சட்டையும் துவைத்துக் காய்ந்து கொடியில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடான பெட்டியை அதன் மேல் வைத்ததும் உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்த வாசனை எழுந்து வரும். சுண்ணாம்பும் ஈரத்தோலும் எலுமிச்சையும் வேர்வையும் கலந்த வாசனை. நல்ல வாசனை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதுதான் நைனா.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் டேனரி ஆட்களின் துணியைத் தனி மூட்டையாக வைத்திருப்பார். ஊர்த்துணி எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் அதைத் தேய்ப்பார். அம்மா ஒருநாள் ஏன் என்று கேட்டுவிட்டாள்.

"தப்பா எட்த்துக்காத தங்கச்சி. மத்தவங்க துணியில அந்த வாசன ஏறிக்குதுன்னு பேஜார் பண்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அவர்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மா சண்டை போடவில்லை. மூட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே வேலூருக்குப் போய் இந்தப் பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். எங்கள் வரிசை வீடுகளில் கரண்டில் ஓடும் முதல் இஸ்திரிப் பெட்டி அதுதான். பார்க்க வந்தவர்களுக்கு அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

பெட்டிக்கு ஒரு பழைய உள்பாவாடையை வெட்டிப் பை தைத்தாள். சூடு ஆறாமல் பையில் போடக் கூடாது, வயரைச் சுற்றக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. பெட்டி சூடானதும் முதலில் ஒரு வெள்ளைக் கந்தலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கந்தல் சுத்தமாக இருந்தால்தான் துணியைத் தொடலாம். பெட்டியின் அடித்தட்டு சுத்தமாக இருந்தால் நைனா சட்டையில் வாசனை நிற்காது என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். எத்தனை உப்புப் போட்டுத் தேய்த்தாலும் வாசனை பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அவளும் விடவில்லை. அவளிடமிருந்துதான் இந்தக் கிறுக்கு எனக்கு வந்திருக்க வேண்டும்.

நைனாவுக்கு எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். ஏன் நைனா என்று கேட்டால், "இங்கதான்மா காத்து நல்லா வருது" என்பார். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர் யோசித்து வைத்திருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

என் அக்கா ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பினிஷிங் செக்ஷன், நான் புதிதாகச் சேர்ந்த பேக்கிங் பெண். மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். கல்யாணத்தில் அக்காவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நைனா அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நைனா மசியவில்லை.

"அவங்க மெட்ராஸ்காரங்கம்மா. மொத வரிசையில உக்காந்துக்கினு மூக்கப் பொத்திக்கிட்டா உனக்குத்தான் அசிங்கம். அண்ணன் கூட்டினு போவட்டும். நான் பின்னால உக்காந்து பாக்கறேன்" என்றார்.

அண்ணன் என்றால் எங்கள் பெரியப்பா. அவருக்கு சபாரி சூட் இருந்தது. கேட்பதற்கு முன்பே அவர் தயாராகவும் இருந்தார்.

அக்கா இரண்டு வாரம் நைனாவோடு பேசவில்லை. கடைசியில் நைனாதான் இறங்கி வந்தார். டேனரி வாசலையே பார்க்காத புது வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்தால் வருவேன் என்றார். எடுத்தோம். அதைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்து, சோப்புக்கட்டி ஒன்றையும் கூட வைத்தாள் அம்மா.

அக்கா அதோடு நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற நம் வீட்டில் நைனா ரப்பர் செருப்பில் நடப்பதா என்று அவளுக்கு. கம்பெனியில் கழித்துப் போட்ட ஜோடிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். பிரவுன் ஷூ. இடது கால் ஒரு பிரவுன், வலது கால் இன்னொரு பிரவுன், அதனால்தான் கழித்தார்கள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் வலது ஷூவின் மேல்தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. கம்பெனியில் அந்தச் சுருக்கத்தை எடுக்கத் தோலுக்கென்றே சூடு வைத்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. தினமும் அதைப் பிடிக்கிற கைதானே அவளுடையது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வீடு நிறைய ஆள் இருக்க, அக்கா அம்மாவின் பெட்டியை எடுத்தாள். இடையில் துணிகூடப் போடாமல் ஷூவின் மேல் வைத்தாள். வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பதமெல்லாம் எங்கே தெரியும்? சுருக்கம் போனது. தோலின் மேல் பூச்சும் உருகி இரும்பில் ஏறிக்கொண்டது. கந்தலால் ஒரு துடை துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துப் பையில் போட்டுவிட்டாள். தோல் வேலை தெரியாத ஒருத்தி இந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டாள்.

மறுநாள் காலையில் கரண்ட் போவதற்குள் எல்லாவற்றையும் தேய்த்துவிட வேண்டும் என்று அம்மா பறந்துகொண்டிருந்தாள். பந்தல்காரன் ஒரு பக்கம் கூப்பிடுகிறான், பால்காரன் ஒரு பக்கம் கூப்பிடுகிறான். வாழ்நாளில் அந்த ஒரே ஒரு தரம் அம்மா கந்தலில் தேய்த்துப் பார்க்கவில்லை. நேராக வெள்ளைச் சட்டையின் முதுகில் வைத்தாள்.

நான் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டை முதுகின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, பிரவுனாக ஓர் இழுப்பு. எலுமிச்சை போட்டோம், சோப்புப் போட்டோம், அது இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். அக்கா மணப்பெண் சேலையோடு வந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நைனா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்த மாதிரி இருந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

"பாத்தியா, ஆண்டவனே சொல்ட்டாரு. அண்ணன் போவட்டும்மா" என்றார்.

அக்கா அழவில்லை. "இதே சட்டையப் போடு நைனா. நீ வரலன்னா நானும் சர்ச்சுக்கு வரல. இங்கயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். வேறு வெள்ளைச் சட்டை கிடையாது. பெரியப்பாவின் சபாரிக்குள் நைனாவைப் போல இரண்டு பேர் நிற்கலாம். தோளில் துண்டு போட்டு மறைக்கலாம் என்றால், ஆண்டவர் வீட்டுக்குள் துண்டு போடுவது மரியாதை இல்லை என்பது நைனாவின் கட்சி. ஊரே சர்ச்சில் உட்கார்ந்திருந்தது. நைனா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள், பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடக்கிற அப்பாவின் முதுகைத்தான் சர்ச் முழுக்கப் பார்க்கும். நான் அக்காவின் வலைமுக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். என் கண்ணுக்கு நேராக அந்தக் கறை. பாட்டு ஆரம்பித்தது. நைனா கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பூச்செண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வெள்ளை உறை போட்ட கையை நைனாவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சரியாகக் கறையின் மேல் வைத்து, அவரை அணைத்தபடி நடந்தாள். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அந்தக் கை இம்மிகூட நகரவில்லை. நைனாவின் இரண்டு பிரவுன் ஷூக்களும் கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே போயின. முதல் வரிசையில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு அப்பான்னா எவ்ளோ உசுரு பாருங்க. அணைச்சிக்கிட்டே வந்துச்சே" என்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் எல்லோரிடமும் சொன்னார். நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாம்பார் ஊற்றினோம்.

மோதிரம் போட அக்கா கையுறையைக் கழற்றியபோது அதன் உள்ளங்கையில் லேசாகப் பிரவுன் ஏறியிருந்ததாம். ஊருக்குக் கிளம்பும்போது காதோடு சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். "புதுச் சட்டதான, ஆனாலும் வேர்வையில நைனா வாசன வந்துச்சுடி. பயத்துல எனக்கு காலே ஓடல. அந்த வாசன வந்ததும்தான் நட வந்துச்சு."

கறை கடைசி வரைக்கும் போகவில்லை. நைனா அந்தச் சட்டையைத் தூக்கிப் போடவும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போடுவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். "இப்ப எனக்கு ரெண்டு காரணம் கீது" என்று சிரிப்பார்.

நைனா போன பிறகு அந்தச் சட்டையை அம்மா துவைக்கவே விடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, நைனாவின் நினைவு நாளில், பெட்டியைச் சூடு பண்ணி, கந்தலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, சட்டையை ஒரு தேய் தேய்ப்பாள். வாசனை எழுந்து வரும். எந்த வாசனையைப் போக்க அந்தப் பெட்டியை வாங்கினாளோ அதற்காகப் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுப்பாள். அம்மாவும் போன பிறகு பெட்டியும் சட்டையும் என்னிடம் வந்தன. தேய்க்கிற நாளில் மெட்ராஸிலிருந்து அக்கா போன் பண்ணிக் கேட்பாள், "வாசன வந்துச்சா?" என்று. வந்தது என்பேன். அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது தெருமுனையில் இஸ்திரி வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. நைனா வேலை பார்த்த டேனரியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். எங்களுக்கு அந்த வாசனை வந்தால்தான் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று தெரியும். இப்போது அந்த அளவுக்கு இல்லை, நல்லதுதான். நைனா இருந்தால் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

நேற்று நைனாவின் நினைவு நாள். உப்புப் போட்டுப் பளபளவென்று வைத்திருந்த பெட்டியைச் சூடு பண்ணினேன். கந்தலில் தேய்த்தேன், கந்தல் வெள்ளையாகவே இருந்தது. சட்டையை விரித்துத் தோள்பட்டையில் வைத்தேன். குனிந்து பார்த்தேன். சுட்ட பருத்தி வாசனை மட்டும் வந்தது. காலரிலும் அக்குளிலும் வைத்துப் பார்த்தேன். அதேதான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"தேச்சிட்டியாடி?" என்றாள் அக்கா.

"தேச்சிக்கினே கீறேன்."

"வாசன வந்துச்சா?"

வந்தது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை. "வரலக்கா" என்றேன்.



"காலர்கிட்ட வச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கம்கட்டாண்ட?"

"அங்கயும் பாத்தேன்க்கா."

"முதுகுல, அந்தக் கறை மேல?"

அங்கே நான் வைத்திருக்கவில்லை. எந்த வருஷமும் அங்கே பெட்டியை வைக்க மனசு வந்ததில்லை.

"அங்க வச்சிப் பாருடி. தோலு ஏறின எடம், அங்கதான் நிக்கும். சூடு கொஞ்சம் ஜாஸ்தியாவே வை" என்றாள் அக்கா.

காட்டன்தான், தாங்கும். குமிழை ஒரு கோடு கூட்டினேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டையைத் திருப்பிப் போட்டேன். இரண்டு பேரும் பெட்டி சூடாவதற்குக் காத்திருந்தோம்.